கன்றும் பாக்கெட்டும்

கல்யாண வீட்டு வாசலில் குலையும் பூவுமாகக் கட்டிவைக்கிற வாழை ஒரு ஹைபிரிட். பெரும்பாலும் அது பூவனாகவோ மொந்தனாகவோ இருக்கும். இரண்டுமே மியூசா அக்யூமினாட்டா, மியூசா பல்பிசியானா என்ற இரு வேறு காட்டு இனங்கள் கூடிப் பிறந்தவை. தாவரவியலாளர்கள் முன்னதற்கு ‘ஏ’ என்றும் பின்னதற்கு ‘பி’ என்றும் எழுத்துக் கொடுத்து, பூவனை ஏஏபி என்பார்கள், மொந்தனை ஏபிபி என்பார்கள். 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் வகுத்துக் கொடுத்த முறை இது. நேந்திரனும் ரஸ்தாளியும் ஏஏபி. கற்பூரவல்லி ஏபிபி. தெருமுனைத் தள்ளுவண்டியில் தொங்குகிற பழங்களில் பாதிக்கு மேல் இப்படி இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

பூவன் பழம் ஒன்றை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுத்தண்டை ஒட்டிக் கறுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். விதையாகியிருக்க வேண்டியவை அவை. காட்டுவாழையில் அந்த இடத்தில் பல்லை உடைக்கிற கறுப்பு விதைகள் அடைத்துக்கொண்டிருக்கும், சதை பேருக்குத்தான் இருக்கும். நம் வாழைக்கு மூன்று பங்கு குரோமோசோம். ஒற்றைப்படை என்பதால் சமமாகப் பங்கு பிரிக்க முடியாமல் விதை உண்டாவது நின்றுபோனது. மலடானதால்தான் அது நமக்குப் பழமானது.

சாதி பார்த்து, கோத்திரம் பார்த்து, நட்சத்திரம் பார்த்து நடத்துகிற கல்யாணத்தின் வாசலில், கலப்பில் பிறந்து விதையற்றுப்போன ஒரு செடியைக் கட்டி, ‘வாழையடி வாழையாக’ என்று வாழ்த்துகிறோம். வாழ்த்தில் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, அது உண்மைதான். விதை இல்லாமலே கன்று வழியாக இந்தச் செடி பல நூறு தலைமுறை நடந்து வந்திருக்கிறது. யாரோ ஒருவர் எங்கோ ஒரு காட்டோரத்தில் விதையில்லாத குலையைக் கண்டு, பக்கக்கன்றைப் பெயர்த்து வீட்டுக்குப் பின்னால் வைத்தார். அவரிடம் அடுத்த வீட்டுக்காரர் ஒரு கன்று கேட்டிருப்பார். கொல்லையிலிருந்து கொல்லைக்கு, சீர்வரிசையோடு சம்பந்தி வீட்டுக்கு, ஆற்றைக் கடந்து அடுத்த நாட்டுக்கு என்று கைமாறியே வந்தது. இதில் ஆபத்தும் உண்டு. ஒரே உடலின் படிகள் என்பதால் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். ரஸ்தாளியை வாடல்நோய் விடாமல் துரத்துகிறது. கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் விருப்பாட்சியை முடிக்கொத்து நோய் 1970களில் ஏறக்குறைய துடைத்தே எடுத்துவிட்டது. ஆனாலும் கன்று கேட்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருந்ததில்லை.

இதை ஏன் சொல்லத் தொடங்கினேன் என்றால், ஹைபிரிட் என்ற சொல் நம் ஊரில் இரண்டு வாழ்க்கை வாழ்கிறது. கார் ஷோரூமில் அந்தச் சொல்லை ஒட்டினால் விலை சில லட்சம் ஏறும். வாங்குகிறவரும் பெருமையோடு ஏற்றிக்கொள்வார். மியூச்சுவல் ஃபண்டில் ஹைபிரிட் என்றால் பங்கும் கடன்பத்திரமும் கலந்த பத்திரமான புத்திசாலித்தனம். ஐடி கம்பெனியில் ஹைபிரிட் என்றால் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் லுங்கி. காய்கறிக் கடைக்கு வந்ததும் அதே சொல் வசவாகிவிடும். பார்க்கப் பளபளப்பு, உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம். கொழுகொழுவென்று வளர்ந்து வெயிலில் நிற்க முடியாத பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் ‘ஹைபிரிட் பசங்க’ என்பதையும் ‘பிராய்லர்’ என்பதையும் கேட்டிருக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் நிற்கிற சொல் நாடு. நாட்டுக்கோழி, நாட்டுமாடு, நாட்டுச்சர்க்கரை, நாட்டுத்தக்காளி.

“நாட்டுத் தக்காளி இருக்காக்கா?”

“இந்தா, இது நாடுதாங்க. அது நவீனு. ரசத்துக்குன்னா நாடு எடுத்துக்குங்க. ஒரு வாரம் வச்சிருக்கணும்னா நவீன் போங்க.”

கோயம்பேட்டிலிருந்து கூடையில் வாங்கி வந்து விற்கிற அந்தம்மாவுக்கு இதில் தத்துவம் எதுவும் கிடையாது. புளிப்பும் சாறும் ஒரு பக்கம், கெட்டித்தோல் மறுபக்கம். நவீன் என்பது ஒரு ஹைபிரிட் ரகத்தின் பெயர். அது கடையில் நிலைத்து, அந்த வகைத் தக்காளிக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. தத்துவத்தைக் கலப்பது நாம்தான். தக்காளியே தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது; இன்றைக்கும் பல வீடுகளில் திவசச் சமையலில் அதைச் சேர்க்க மாட்டார்கள். நம் முன்னோருக்கு அது இன்னும் அந்நியன். அப்புறம் நாட்டுத்தக்காளி என்று இங்கே பெருவாரியாகப் பயிராகிவந்த பிகேஎம் 1 எங்கிருந்து வந்தது? தேனிக்குப் பக்கத்தில் அன்னஞ்சி என்ற ஊரின் பெயரில் வழங்கிய உள்ளூர் ரகத்தில் செயற்கையாகத் திடீர்மாற்றத்தைத் தூண்டிப் பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்தில் எடுத்தது. ரகத்தின் பெயரில் பிகேஎம் என்றால் பெரியகுளம். ஆராய்ச்சி நிலையத்தின் பிள்ளை நாடாகிவிட்டது, கலப்பில் பிறந்த நவீன் மட்டும் வந்தேறியாக நிற்கிறது.

ருசி குறைந்தது நிஜம், நாக்கு பொய் சொல்லாது. ஆனால் அந்தப் பழியைக் கலப்பின் தலையில் போடுவது நியாயமில்லை. லாரியில் நானூறு கிலோமீட்டர் நசுங்காமல் வர வேண்டும், ஒரே நேரத்தில் பழுக்க வேண்டும், ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் மண்டிக்காரர்கள். கேட்டது கிடைத்தது. ரசத்துக்கு எது நல்லது என்று தேர்வுக்குழுவில் யாரும் கேட்கவில்லை.

பொன்னி அரிசியின் கதை இதைவிட வேடிக்கை. காவிரியின் பெயரைத் தாங்கிய அரிசி, பந்தியில் அதைத் தவிர வேறு போட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். அதன் பெற்றோரில் ஒன்று தைச்சுங் 65, தைவானைச் சேர்ந்த ஜப்பானிகா நெல். மற்றது மாயாங் ஏபோஸ் 80, மலாயாவின் இண்டிகா. 1950களில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாக வைத்து இந்த இரு பெருங்குடும்பங்களையும் கலக்க ஒரு திட்டம் நடத்தியது. அதில் கிளைத்த ஒரு வழி மலேசியாவில் தேறி, லங்காவித் தீவின் பழங்கதை நாயகி மசூரியின் பெயரைப் பெற்றது. இங்கே வந்து, தேர்வு செய்யப்பட்டு, 1986இல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னி என்று வெளியிட்டது. பிற்காலத்தில் மலேசியாவில் ஒரு நிறுவனம் பொன்னி என்ற பெயரையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள, இந்தியத் தரப்பு அங்கே போய் வழக்காட வேண்டி வந்தது. இந்த நெல்லுக்கு ஊர் எது என்று எந்த நீதிபதிதான் சொல்வார்?

வம்சம் கலந்திருந்தாலும் பொன்னி கடைப்பேச்சில் ஹைபிரிட் இல்லை. அறிவியல் அகராதியிலும் இல்லை. கலந்து பிறந்த செடிகளைப் பல தலைமுறை விதைத்து, பொறுக்கி, நிலைப்படுத்தியாகிவிட்டது. இனி போட்டதே முளைக்கும், முளைத்ததே விளையும். விவசாயி குதிரில் எடுத்துவைத்து அடுத்த போகம் விதைக்கலாம், பங்காளிக்கு இரண்டு மரக்கால் கொடுக்கலாம். கலப்பு முடிந்து குடும்பமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அரசும் வேளாண்மைத் துறையும் ‘வீரிய ஒட்டு’ என்று குறிப்பிடுகிற ரகம் வேறு சங்கதி. அதைப் புரிந்துகொள்ள மக்காச்சோளத்துக்குப் போக வேண்டும். நியூயார்க் பக்கம் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஜார்ஜ் ஷல் என்பவர் மக்காச்சோளக் கதிர்களுக்குப் பை மாட்டி, ஒவ்வொரு செடியும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும்படி செய்தார். அந்நிய மகரந்தத் தூள் ஒன்றுகூட உள்ளே வராத வம்சம். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தபோது வரிசைகள் மேலும் மேலும் ஒன்றுபோலாயின. கூடவே குட்டையாயின, நோஞ்சானாயின, கதிர் சிறுத்து மணி குறைந்தது. தூய்மை என்று நாம் சொல்கிற சங்கதிக்கு முகம் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் அந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும். இப்படி நொந்துபோன இரண்டு வெவ்வேறு வரிசைகளை அவர் கூட்டினார். பிறந்த செடிகள் ஆளுயரத்துக்கு மேல் எழும்பின. 1908இல் இதை எழுதி வெளியிட்டார். அதிலிருந்துதான் உலகின் விதை வியாபாரம் வேறு திசைக்குத் திரும்பியது.

செடிகளில் இதை டார்வின் அதற்கு முன்பே பார்த்துவிட்டார். தன்சேர்க்கையின் கேட்டைப் பற்றி 1876இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அவருக்கு இதில் சொந்தக் கவலையும் இருந்தது. அவர் மனைவி எம்மா, தாய்மாமன் மகள். நம் கணக்கில் அசல் முறைப்பெண், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறுவயதிலேயே இறந்தார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களைப் பற்றி 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பில் ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி நண்பர் மூலம் பார்லிமெண்டில் முயன்றார், சபை மறுத்துவிட்டது. நம் சபைகள் ஏற்றுக்கொண்டிருக்குமா என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. தக்காளியிலும் மாட்டிலும் ‘கலப்பு’ என்று முகம் சுளிக்கிற அதே தொனியை வேறு இடங்களிலும் கேட்கிறோம், அங்கே சில நேரம் ரத்தம் சிந்துகிறது. சாதி கடந்து மணப்பவர்களுக்குத் தமிழக அரசு தருகிற உதவிக்கு டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி நினைவுக் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம் என்று பெயர். அவருடைய தந்தை பிராமணர், தாய் இசை வேளாளர் குலம். அந்தக் கலப்பு புதுக்கோட்டையில் ஒரு சிறுமிக்கு என்னவெல்லாம் விலை வைத்தது என்பதற்கு அவர் வரலாறே சாட்சி. இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் ‘கலப்படமில்லாத பாரம்பரியம்’ என்று முழங்குகிற சில குரல்களைக் கேட்கும்போது, விதையைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம் வரும். விதையைப் பற்றித்தான் என்றால், கோபப்பட வேறு நல்ல காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்துக்குப் போகும் முன், கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கரும்பு எல்லா இடத்திலும் பூத்து விதைகட்டாது, கோவைக் காற்றில் கட்டும். அங்கே பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் என்ற இரு ஆய்வாளர்கள் வெள்ளைக் கரும்பை, நாணல்போல் மெலிந்து ஆற்றோரம் தானாகக் கிடக்கிற காட்டுக்கரும்போடு கூட்டினார்கள். சாறும் சர்க்கரையும் ஒன்றிடமிருந்து, குளிரையும் வறட்சியையும் நோயையும் தாங்குகிற முரட்டுத்தனம் இன்னொன்றிடமிருந்து. 1918இல் கோ 205 பஞ்சாபுக்குப் போனது. அங்கே இருந்த உள்ளூர்க் கரும்பைவிட ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதலாக விளைந்தது. பின்னால் வந்த கோ வரிசைகள் கடல் கடந்தும் போயின. ஆலைக்கரும்பைக் கடித்தால் பல் கூசுகிறதே, அந்த நார் காட்டுத் தகப்பன் வீட்டுச் சொத்து. தலைச்சேரிக்காரரான தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930களில் அதே நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கூட்டிப் பார்த்தார். எத்தனை துணிச்சலான கலப்பு! ஆனாலும் கரும்பு ஹைபிரிட்டைப் பார்த்து எந்த விவசாயியும் பயந்ததில்லை. வெட்டிய கரும்பில் இரண்டு பரு, மூன்று பருக் கரணையை நறுக்கி நட்டால் அதே கரும்பு அச்சு மாறாமல் வரும். ஒரு முறை வாங்கினால் போதும். வாழைக்கன்றின் நியாயம்தான் இங்கும்.

பருத்திக்கு அந்த நியாயம் இல்லை. 1970இல் சூரத்தில் சி.டி. படேல் உருவாக்கிய ஹெச் 4 உலகிலேயே முதலில் வயலுக்கு வந்த ஹைபிரிட் பருத்தி. மற்ற நாடுகளில் பெரும்பாலானவை இது கட்டுப்படியாகாது என்று ஒதுங்கிக்கொண்டன, இந்தியா மட்டும் முழுக்க இறங்கியது. ஏன் மற்றவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதை விதைப்பருத்திக் காட்டில் நின்று பார்த்தால் தெரியும். மறுநாள் காலை மலரப்போகிற மொட்டை முந்தின நாள் பின்னேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அடியில் சுற்றிலும் கீறி, இதழையும் அதனோடு ஒட்டிய மகரந்தக் குழாயையும் ஒரே திருகில் உருவி எடுக்க வேண்டும். உள்ளே சூல்தண்டு மட்டும் ஈர்க்குச்சிபோல நிற்கும், அதில் கீறல் விழுந்தால் மொட்டு வீண். பிறகு அடையாளத்துக்குச் சிவப்புக் காகிதம் சொருகிவிட்டுப் போவார்கள். காலையில் பனி உலர்ந்ததும் ஆண் வரிசையிலிருந்து பூக்களைப் பறித்து வந்து, சிவப்புக் காகிதம் தெரிகிற இடமெல்லாம் குனிந்து, ஒவ்வொரு சூல்தண்டிலும் பூவைத் தடவி, காம்பில் நூல் கட்ட வேண்டும். மதியத்துக்குள் முடித்தாக வேண்டும். தப்பிப்போய்த் தானாகச் சூல்கொண்ட காய்களைக் கிள்ளி எறிய வேண்டும். மாதக்கணக்கில், தினமும் இரண்டு வேளை.

இவ்வளவு கையும் கண்ணும் மலிவாகக் கிடைக்கிற நாடாக இருந்ததால்தான் இது இங்கே கட்டுப்படியானது. சின்ன விரலாக இருந்தால் மொட்டு சேதமாகாது என்று சொல்லிச் சிறுமிகளை இந்த வேலையில் இறக்கியதும், ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தமிழகத்திலும் அது கண்டனத்துக்குள்ளானதும் மறைக்கப்பட்ட செய்திகள் இல்லை. பி.டி. பருத்தி 2002இல் வந்தபோதும் இங்கே அது ஹைபிரிட்டுக்குள் வைத்தே விற்கப்பட்டது. ஒரு பாக்கெட், 450 கிராம். பூச்சிக்கு எதிரான மரபணுவை விவசாயி அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்க முடியாமல் பூட்டுப் போட வேறு சட்டமே தேவைப்படவில்லை, ஹைபிரிட்டே பூட்டு.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று மக்காச்சோள விதை விற்கிற கடைக்காரர்கள் இரண்டு வரியில் சொல்லிவிடுவார்கள்.

“அண்ணே, போன வருசம் போட்டதுல நல்ல கதிரா எடுத்து வச்சிருக்கேன். அதையே ஊனிரலாமா?”

“ஊனுங்க, மொளைக்கத்தான் செய்யும். ஆனா ஒண்ணு அப்பன் மாதிரி, ஒண்ணு ஆத்தா மாதிரி, ஒண்ணு தாத்தன் மாதிரி வரும். பொறவு என்னையக் கேக்கக் கூடாது.”

வளர்ந்த செடி மலடில்லை. விதை நன்றாகவே கட்டும். ஆனால் முதல் தலைமுறையில் ஒன்றாகக் கூடி நின்ற குணங்கள் இரண்டாம் தலைமுறையில் பாகம் பிரித்துக்கொண்டு போய்விடும், பாதி வயல் நெட்டை, மீதி குட்டை. பழைய வீரியத்தில் ஒரு பங்கு கரைந்திருக்கும். மறுபடி அதே செடி வேண்டுமென்றால் அந்த நோஞ்சான் பெற்றோர் இரண்டும் வேண்டும். அவை கம்பெனியின் பூட்டிய அறையில் இருக்கின்றன. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்துவைக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை தருகிறது; முத்திரை போட்ட விதையாக விற்கத்தான் தடை. நல்ல சட்டம். ஹைபிரிட் வயலில் அந்த உரிமை காகிதத்தில் பத்திரமாக இருக்கும்.

பெரம்பலூரில் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர்களைக் கேட்டால், பாக்கெட் விதையால் கிடைத்த கூடுதல் மூட்டைகளையும் சொல்வார்கள், மழை பொய்த்த வருடம் விதைக்கடன் கழுத்தை இறுக்கியதையும் சொல்வார்கள். இரண்டும் நடந்ததுதான். அந்தச் சோளம் நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் தீவனமாகப் போகிறது. அங்கே அதைத் தின்கிற பிராய்லர் கோழியும் நான்கு வழிகள் கூடிப் பிறந்த ஹைபிரிட்தான், அதன் பாட்டன் பாட்டியும் சில நிறுவனங்களின் கூண்டுக்குள்ளேதான் இருக்கிறார்கள். தட்டில் கோழிக்கறியாக வந்து சேரும்வரை வழியெங்கும் அடுத்த தலைமுறை வேறு யார் வீட்டிலோ இருக்கிறது. அது கம்பெனிக்குப் பதிலாக அரசுப் பண்ணையிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, பெற்றோர் வரிசைகளைத் தாங்களே பராமரிக்கத் தெரிந்த ஒரு கிராமத்திலோ இருந்திருந்தால் ஹைபிரிட் என்ற சொல்லே நம் காதில் வேறுவிதமாக விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பூட்டை விதைக்குள்ளேயே திறந்துவிட முடியுமா என்று பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இயற்கையில் அதற்கு முன்னுதாரணம் உண்டு. அம்மன் சூலத்தில் குத்தியிருக்கிற எலுமிச்சை இரண்டு வேறு சிட்ரஸ் இனங்கள் கூடிப் பிறந்த ஹைபிரிட். ஆனால் அதன் விதையைப் போட்டால் பெரும்பாலும் தாயைப் போலவே செடி வரும். விதைக்குள் தாயின் திசுவே கருவாகிவிடுகிற வித்தை அதற்குத் தெரியும். நெல்லுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததாக 2019இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இம்தியாஸ் காண்டே, வெங்கடேசன் சுந்தரேசன் ஆகியோரின் குழு அறிவித்தது. ஆரம்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான விதைகளே தாயின் அச்சாக இருந்தன. 2022இல் இவர்களும் பங்கேற்ற ஒரு பன்னாட்டுக் குழு வணிக ஹைபிரிட் நெல் ஒன்றில் அதை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கொண்டுபோனது. அப்படியொரு நெல் வயலுக்கு வந்தால் விவசாயி ஒரு முறை வாங்கி, கரணையைப்போலப் பல வருடம் விதைத்துக்கொள்ளலாம். மரபணுத் திருத்தத்தில் பிறந்ததால் அதற்குக் காப்புரிமைகள் இருக்கும். விலையையும் நிபந்தனையையும் அந்தக் காப்புரிமைகளைக் கையில் வைத்திருப்பவர்கள் எழுதுவார்கள். நாட்டுவிதைக் கூட்டங்கள் அதைக் கலப்பு என்று விரட்டுமா, கன்று என்று வாங்கிக்கொள்ளுமா என்ற பேச்சை இப்போதே தொடங்கிவிடலாம். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளை அச்சுக்குப் போவதற்கு முன்னால் படித்துவிடுவது நல்லது.